ஒன்றரை அடி

முத்தாத்தாள் முதல்முறை வந்தபோது வீட்டைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

"ஒம்பது குடும்பத்தையும் பிரிக்காம ஒரே எடத்துல ஒக்கார வெக்க முடியுமாங்க? அத மட்டும் சொல்லுங்க. முடியாதுன்னா டீய குடிச்சுப்போட்டு நாங்க கெளம்பறோம்," என்றாள்.

விமலாராணிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பீளமேட்டில் ஒரு பெரிய கட்டட நிறுவனத்தில் பதினான்கு வருஷம் வில்லாக்கள் வரைந்தவள். நீச்சல்குளம் வடக்கே வரலாமா கிழக்கே வரலாமா என்று மூன்று வாரம் பேசித் தீர்த்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, போத்தனூரில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையைப் பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். கணவர் ஆரோக்கியதாஸ் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஆயிரம் சதுர அடிக்குக் குறைந்த வீட்டை அவள் அதுவரை வரைந்ததே இல்லை.

முத்தாத்தாளோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ரசாக் கொத்தனார். லோகப்பிரியா நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவள், முப்பது வயது, கணவன் விட்டுப் போய்விட்டான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த ஒன்பது லைன் வீடுகளில் இவர்கள் எல்லாரும் குடியிருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் இறந்தபின் அவருடைய பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். அடுத்த தை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

"அரசாங்கத்துல அடுக்குமாடி குடுக்கறாங்கல்ல?" என்று விமலா கேட்டாள்.

"குலுக்கல்லங்க," என்றான் ரசாக். "எனக்கு ஒரு பிளாக்குல மூணாவது மாடி உழுகும். முத்தாத்தாக்காவுக்கு வேற பிளாக்குல நாலாவது மாடி உழுகும். லிஃப்ட்டு இருக்கும், ஓடாது."

"பிரிஞ்சு இருந்தா என்னங்க ஆகும்?"

கேட்டபின் அது அசட்டுக் கேள்வி என்று விமலாவுக்குத் தோன்றியது. ஆனால் லோகப்பிரியா கோபித்துக்கொள்ளாமல் பதில் சொன்னாள். அவள் ஷிப்டுக்குப் போனால் எட்டு வயது மகள் கனிஷ்கா முத்தாத்தாள் வீட்டில்தான் படுப்பாள். முத்தாத்தாளின் கணவர் செங்கோடனுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். காலையில் ரசாக்கும் அடுத்த வீட்டு மதன்குமாரும் தூக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். முத்தாத்தாள் ஜங்ஷன் வாசலில் இட்லிக் கடை போட்டு மத்தியானம் திரும்பும் வரை ரசாக்கின் மனைவி நஃபீசா அவரைப் பார்த்துக்கொள்வாள். நஃபீசா தையல் வேலைக்குச் சாயந்திரம் போகிற நாட்களில் அவளுடைய கைக்குழந்தை லோகப்பிரியாவிடம் இருக்கும்.

"ஒரு ஊட்ட உருவிட்டீங்கன்னா மிச்ச எட்டும் ஓடாதுங்க," என்றாள் முத்தாத்தாள்.

செட்டிபாளையம் ரோட்டில் உள்ளடங்கிய இடத்தில் ஒன்பது குடும்பமும் சேர்ந்து இருபது சென்ட் நிலம் வாங்கிப் பதிவும் முடித்துவிட்டார்கள். கட்டுவதற்குக் கையில் மிச்சமிருந்தது கொஞ்சம். "சின்னதாத்தான் வேணும். ஆனா கோழிக்கூடு வேண்டாங்க," என்று சொல்லிவிட்டு முத்தாத்தாள் டீயைக் குடித்தாள்.

முடியும் என்று விமலா சொன்னாள். அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் எப்படி முடியும் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

பத்து நாளில் படம் தயாராகிவிட்டது. நடுவில் பதினைந்தடி அகல முற்றம். ஒரு பக்கம் ஐந்து வீடு, எதிரில் நான்கு. ஒவ்வொன்றும் பன்னிரண்டடிக்கு இருபத்தாறடி. கீழே ஒரே அறை, அடுப்படி, குளியலறை, பின்னால் துணி துவைக்கச் சிறு இடம். மேலே பாதி உயரத்தில் படுக்கப் பலகைத் தட்டு, ஏற ஏணி. வெளிநாட்டுச் சிறு வீடுகளின் படங்களை எல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தது. அவளுக்கே பிடித்திருந்தது.

காகிதத்தைக் காட்டினால் ஒருவருக்கும் புரியவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிலத்துக்கே எல்லாரையும் வரச்சொன்னாள். ரசாக் நூல் பிடிக்க, ஒரு வீட்டைச் சரியான அளவில் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டார்கள். வாசல், அடுப்படி, குளியலறைக் கதவு எல்லாம் கோடுதான். பிள்ளைகள் கதவு இல்லாத இடத்தில் கோட்டைத் தாண்டினால் பெரியவர்கள் அதட்டினார்கள்.

முத்தாத்தாள் செங்கோடனை வேனில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுண்ணாம்பு வாசல் வழியாக உள்ளே போனாள். போன உடனே நின்றுவிட்டாள். நாற்காலியைத் திருப்ப முடியவில்லை. முன்னால் போனால் அடுப்படி, பின்னால் வந்தால் சுவர். குளியலறை வாசலில் சக்கரம் இரண்டு பக்கமும் கோட்டை அழித்தது.

செங்கோடனுக்குப் பேச்சு தெளிவாக வராது. ஆனால் இடது கையை நீட்டித் தரையில் கிடந்த ஏணிக் கோட்டைக் காட்டி ஏதோ சொன்னார். முத்தாத்தாள் எடுத்துச் சொன்னாள். "மேல யாரு ஏறுவாங்கன்னு கேக்கறாருங்க."

லோகப்பிரியா மெதுவாகக் கேட்டாள். "நான் பகல்ல தூங்கோணுங்க மேடம். இந்தப் பின்பக்கப் பொடக்காலிச் செவுத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊட்டுக்காரங்க துணி தொவைப்பாங்க. எப்படித் தூங்கறது?"

விமலா படத்தைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தாள். "நான் தப்பாப் போட்டுட்டேங்க," என்றாள். "வீட்ட வரைஞ்சேன். நீங்க இருக்கறத வரையல. எனக்கு ரெண்டு நாள் உங்க லைன்ல வந்து உக்காந்துக்க எடம் குடுங்க."

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை அவள் லைன் வீட்டின் பொதுக் குழாயடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். யார் யார் வீட்டுக்குள் எத்தனை முறை போகிறார்கள், எந்தப் பாத்திரம் எங்கே போகிறது, எந்தச் சத்தத்துக்கு யார் எழுந்து ஓடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டாள். முத்தாத்தாள் வீட்டு வாசலை மட்டும் ஒரு நாளில் நாற்பத்தேழு தடவை மற்றவர்கள் மிதித்தார்கள். மதன்குமார் வீட்டை யாருமே மிதிக்கவில்லை, ஆனால் அவன் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நோட்டு நிறைந்துவிட்டது.

இரண்டாவது படத்தில் ஏணி இல்லை. கதவுகள் அகலமாயின. குளியலறைக் கதவு பக்கவாட்டில் தள்ளுகிற கதவாயிற்று. எந்த வீட்டிலும் சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்பும். லோகப்பிரியாவின் வீடு வரிசையின் கோடியில், முத்தாத்தாளின் வீட்டுக்கு எதிரில். அவள் படுக்கிற சுவர் வெறும் வேலிப்பக்கம். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

சண்டை சுவரில் வந்தது.

சுவரைச் சூளைச் செங்கல்லில் கட்டினால் கையிலிருப்பது போதாது. நிலத்தில் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டுகிற மண்ணையே கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்திக் கல்லாக்கலாம், சுடவே வேண்டாம், வெயில் காலத்தில் உள்ளே குளுமையாகவும் இருக்கும் என்று விமலா விளக்கினாள். பீளமேட்டில் இடிக்கிற பழைய மில் குடோனிலிருந்து கூரை ஓடுகளும் தேக்குக் கதவுகளும் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அவளுடைய குரலில் உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. முத்தாத்தாளின் முகம் மாறிக்கொண்டே போனது.

"மண்ணு ஊடா?" என்றாள்.

"பழைய மாதிரி இல்லீங்க. இது..."

"என்ற அம்மா மண்ணு செவுத்துக்குச் சாணி வழிச்சு வழிச்சே கையி தேஞ்சு போயி செத்தா. ஒரு ஐப்பசி மழையில செவுரு சரிஞ்சு என்ற தம்பி காலு போச்சு. அதுலருந்து தப்பிச்சுத்தான் டவுனுக்கு வந்தம். இப்ப நிலமும் வாங்கி, இன்ஜினியரும் வெச்சு, மறுக்காவும் மண்ணு ஊட்டுக்குப் போறதுங்களா?" அவள் சத்தம் போடவில்லை. அதுதான் விமலாவுக்குக் கஷ்டமாக இருந்தது. "நீங்க எதுல இருக்கறீங்க?"

"கான்கிரீட் வீடுங்க."

"மண்ணு ஊட்டுல இருப்பீங்களா?"

விமலா யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. "இருக்கறேன். ஒரு வீட்ட முதல்ல கட்டறோம். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் நானும் என் வீட்டுக்காரரும் அதுல இருக்கோம். ஜூன்ல நீங்க சொல்லுங்க. வேண்டாம்னா வேற வழி பாக்கறேன்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஆரோக்கியதாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "நானுமா?"

"நீங்களும்தான்."

"என் கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார். மறுநாள் கட்டிலை அளந்துகொண்டிருந்தார்.

முதலில் அழுத்திய இருநூறு கல்லும் வீணாயிற்று. மேல்மண் கருமண். காய்ந்ததும் கல் முழுக்க விரல் நுழைகிற வெடிப்பு. ரசாக் ஒரு கல்லை எடுத்துக் கையால் உடைத்துப் பார்த்துவிட்டு, "இது பிஸ்கட்டுங்க மேடம்," என்றான். அவன் மூன்றடிக்குக் கீழே தோண்டி, செம்மண் கலந்த சரளையை எடுத்தான். அதோடு கல் உடைக்கிற கிரஷரின் தூள் சேர்த்து ஐந்து விதமாகக் கலந்து, ஒவ்வொரு கலவையிலும் பத்துப் பத்துக் கல் அழுத்தி, ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் வைத்தான். தினமும் வேலைக்குப் போகிற வழியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவான். நான்காவது கலவை தேறியது.

அதில் ஒரு கல்லை முத்தாத்தாள் கேட்டு வாங்கிப் போனாள். இட்லி மாவு அள்ளுகிற பழைய வாளியில் தண்ணீர் நிறைத்து அதற்குள் போட்டு, மூன்று நாள் கழித்து எடுத்து, பாறையில் ஓங்கிப் போட்டாள். ஒரு மூலை மட்டும் உடைந்தது. வாளித் தண்ணீர் கலங்கவில்லை. அவள் உடைந்த துண்டை ரசாக்கிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்ச் கடைசியில் மாதிரி வீடு எழுந்தது. பங்குனி வெயிலில் விமலாவும் ஆரோக்கியதாஸும் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு பெட்டியோடு குடிவந்தார்கள். கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பில் ஒரு ஃபேன் ஓடியது.

முதல் வாரமே குறைகள் தெரியத் தொடங்கின. விமலா ஒரு பென்சிலை ஜன்னலில் வைத்து, ஒவ்வொன்றையும் சுவரிலேயே எழுதினாள். அடுப்படிப் புகை கட்டிலுக்கு வருகிறது. தள்ளு கதவு ஈரத்தில் சிக்குகிறது. அலமாரிக்கு மேல் இடம் இருக்கிறது, கை எட்டவில்லை. குளியலறைத் தண்ணீர் வாசலுக்கு ஓடுகிறது. மேற்குச் சுவர் மத்தியானம் மூன்று மணிக்குமேல் சுடுகிறது. ஆரோக்கியதாஸ் தன் பங்குக்கு எழுதினார்: சட்டை மாட்ட ஆணி எங்கே? ஒரு நாள் இருவருக்கும் ஏதோ சின்ன விஷயத்தில் வாக்குவாதம் வந்து, கோபித்துக்கொண்டு போய் உட்கார வேறு அறை இல்லாமல் இருவரும் ஒரே கட்டிலின் இரண்டு முனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் விமலா எழுதினாள்: தனியாக உட்கார ஒரு மூலை வேண்டும்.

மே மாதம் நடுவில் ஒரு மாலை ஆலங்கட்டியோடு மழை அடித்தது. கூரையடிக் காற்றுத் துளைகள் வழியாகத் தண்ணீர் கட்டிலை நனைத்தது. சுவர் நின்றது. கட்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டே விமலா சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த ஞாயிறு முத்தாத்தாள் செங்கோடனோடும் மற்றவர்களோடும் வந்தாள். சுவரில் எழுதியிருப்பதைக் கனிஷ்கா ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். முப்பத்தொன்று இருந்தன. வாசலில் நின்ற லோகப்பிரியா, "சட்டை மாட்ட ஆணி எங்கே" வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தன கொற இருக்கற ஊட்டயா எங்களுக்குக் கட்டப்போறீங்க?" என்றாள் முத்தாத்தாள்.

"இல்லீங்க. இத்தன குறையும் இல்லாத வீட்ட. எனக்கு இப்பத்தான் தெரியுது எதெது குறைன்னு. கட்டிக் குடுத்துட்டுப் போயிருந்தா நீங்க தெரிஞ்சிருப்பீங்க. நான் தெரிஞ்சிருக்க மாட்டேன்."

முத்தாத்தாள் சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். வெளியே கண்கூசுகிற வெயில். செங்கோடன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். ஃபேன் ஓடவில்லை என்பதை நஃபீசாதான் முதலில் கவனித்தாள். கரண்ட் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"சரீங்க," என்றாள் முத்தாத்தாள். "ஆனா ஒண்ணு. வெளியருந்து பாத்தா மண்ணுன்னு தெரியக்கூடாது. பூசிப்போட்டு பெயிண்ட் அடிக்கோணும். நாளைக்கு கனிஷ்கா கூட படிக்கற புள்ளைங்க வந்து பாத்து, மண்ணு ஊட்டுக்காரின்னு சொல்லப்படாது."

கல்லின் செம்மண் நிறம் அப்படியே தெரிய வேண்டும் என்பது விமலாவின் ஆசை. அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளக்கூட நினைத்திருந்தாள். "என்ன கலருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கிளிப்பச்சை."

அடித்தார்கள். விமலாவுக்கு இன்றுவரை அந்த நிறம் பிடிக்கவில்லை.

கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தபோதுதான் பெரிய அடி விழுந்தது. அவ்வளவு சிறிய மனைகளில் தனித்தனி வீட்டுக்கு அனுமதி கிடையாது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. விமலா மறுபடி எழுதினாள். மறுபடியும் திரும்பியது. நான்காவது முறை அலுவலகத்துக்குப் போனபோது, புதிதாக வந்திருந்த உதவிப் பொறியாளர் நந்திதா படத்தை விரித்துப் பொறுமையாகப் பார்த்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும்.

"இது ஒம்பது வீடுன்னு போட்டா நடக்காதுங்க மேடம். ஒரே கட்டடம், ஒம்பது குடியிருப்புன்னு போடுங்க. நிலம் எல்லாருக்கும் பொதுவுல இருக்கட்டும். அப்ப விதியில எடம் இருக்கு. ஆனா இன்னொரு பிரச்சினை வரும். தீயணைப்பு வண்டி உள்ள வந்து போகணும். உங்க முற்றம் பதினஞ்சடிதான். பதினெட்டடி வேணும்."

"மூணடிக்கு எங்க போறது?"

நந்திதா பென்சிலால் வரிசையின் கோடியில் இருந்த ஒரு வீட்டின்மேல் லேசாகச் சுழித்தாள். "இத எடுத்துட்டா பக்கவாட்டு ரோட்டுலருந்து வண்டிக்கு வழி கெடைக்கும். எட்டு வீடுன்னா அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுருவேங்க."

அது லோகப்பிரியாவின் வீடு.

அன்று சாயந்திரம் எல்லாரும் நிலத்தில் கூடினார்கள். விமலா உள்ளதை உள்ளபடி சொன்னாள். மதன்குமார் மட்டும், "எட்டுன்னா ஒடனே கெடைக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே தலையைக் குனிந்துகொண்டான்.

லோகப்பிரியா முன்னால் வந்தாள். "நான் போயிக்கறேங்க. நாங்க ரெண்டே பேருதான. மில்லு பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்குது. புள்ளைய எங்கயாச்சும்..."

"எங்கயாச்சும்னா எங்க?" என்றாள் முத்தாத்தாள்.

"பாத்துக்கலாங்கக்கா."

"நீ ஷிப்டுக்குப் போனா அது எங்க தூங்கும்? சொல்லு அம்மணி. ஹாஸ்டல்ல புள்ளைய உடுவாங்களா?"

லோகப்பிரியா தாவணி வயதுப் பெண்ணைப் போல விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். அழுதுவிடக் கூடாது என்று அவள் பிடிவாதமாக இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

முத்தாத்தாள் விமலாவிடம் திரும்பினாள். "மூணடிதான வேணும்?"

"ஆமாங்க."

"ரெண்டு பக்கமும் வரிசை இருக்குது. இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை. எல்லா ஊட்டுலயும் ஒன்றரை அடி கொறைங்க."

"வீல் சேர் திரும்பற எடம் போயிருங்க. இருபத்தாறடியில ஒரு இஞ்ச் கூடக் குறைக்க முடியாதுன்னு நான்தான் ஆபீசுல அந்த மேடத்துகிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

"நீங்க மொதல்ல ஏணியும் வேணும்னுதான் சொன்னீங்க," என்றாள் முத்தாத்தாள்.

யாரோ சிரித்தார்கள். விமலாவும் சிரித்தாள். பிறகு மாதிரி வீட்டுக்குள் போய், பின்சுவரிலிருந்து முன்சுவர் வரை நடந்து பார்த்தாள். திரும்ப நடந்தாள். அந்த வீட்டில் அறுபது நாள் இருந்தவள் அவள். எந்த இடத்தில் காலே படவில்லை என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கத் துவைக்கிற இடத்தில் அவள் நின்றது வாரத்துக்கு இரண்டு முறை.

"துணி தொவைக்கற எடத்த எல்லா வீட்டுலருந்தும் எடுத்துரலாம்," என்று வெளியே வந்து சொன்னாள். "தொட்டிக்குப் பக்கத்துல பொதுவா ஒண்ணு. பாத்திரம் கழுவ மட்டும் பின்னால சின்ன எடம் இருக்கும். அப்ப ஒன்றரை அடி குறைச்சாலும் உள்ள எதுவும் குறையாது."

பொதுவில் துவைப்பதில் நஃபீசாவுக்கு விருப்பம் இல்லை. லைன் வீட்டில் பதினோரு வருஷம் துணிக்கு முறை வைத்துச் சண்டை போட்டது போதும் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அரைமணி நேரம் பேச்சு இழுத்தது. கடைசியில் நஃபீசா லோகப்பிரியாவைப் பார்த்தாள், தன் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தாள். "ரெண்டு கல்லாப் போடுங்க. ஒரு கல்லுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்," என்றாள்.

விமலா மூன்று நாளில் படத்தை மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நந்திதா அளவுகோலை வைத்து முற்றத்தை இரண்டு முறை அளந்தாள். "ஒம்பதும் இருக்குது," என்றாள்.

"ஒம்பதும் இருக்குங்க."

ஆவணி பிறந்ததும் வேலை தொடங்கியது. மாதிரி வீட்டின் முன்சுவரை முதலில் ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். கல் அழுத்துகிற மெஷினில் ஒன்பது குடும்பமும் முறை போட்டுக்கொண்டு நின்றார்கள். ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு மணி நேரம் மண் சலித்துவிட்டுத்தான் லோகப்பிரியா படுக்கப் போவாள். மதன்குமார் தான் வேலை பார்க்கிற லேத் பட்டறையில் ஓய்வு நேரத்தில் ஒன்பது வீட்டுக்கும் தள்ளு கதவுச் சக்கரம் கடைந்து கொண்டுவந்தான். இந்த முறை ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஐப்பசி மழையில் பத்து நாள் வேலை நின்றது. கார்த்திகையில் ஓடுகளைக் கான்கிரீட்டுக்கு நடுவே பதித்துக் கூரை போட்டார்கள். ரசாக் வேறு எந்த வேலைக்கும் போகாமல் ஐந்து மாதம் இதிலேயே கிடந்தான். மெலிந்துபோனான்.

மார்கழிக் கடைசியில் நந்திதா கட்டட நிறைவுச் சான்றுக்கு அளக்க வந்தாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் வீடுகளுக்கு நிரந்தர மின் இணைப்பு. லைன் வீட்டைக் காலி செய்ய ஐந்து நாள்தான் மிச்சம். ஒன்பது குடும்பமும் வேலைக்கு லீவு போட்டு முற்றத்தில் நின்றார்கள்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நுழைவாயிலிலிருந்து ஆரம்பித்தாள். பதினெட்டு. நடுவில் பதினெட்டு. கோடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்ததும் குனிந்தவள் நிமிரவில்லை.

"பதினேழே கால் இருக்குங்க மேடம்."

விமலா போய்ப் பார்த்தாள். துவைக்கிற கல் மேடை அவள் வரைந்ததைவிட ஒன்பது அங்குலம் வெளியே நீண்டிருந்தது. ரசாக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நஃபீசாவைப் பார்த்தான். நஃபீசா மற்ற பெண்களைப் பார்த்தாள்.

"கம்பளி தொவைக்க எடம் பத்தலைன்னு நாங்கதான் சொன்னமுங்க," என்றாள் ஒருத்தி.

நந்திதா தர்மசங்கடமாக டேப்பைச் சுருட்டினாள். "இத விட்டுட்டுக் கையெழுத்துப் போட முடியாதுங்க. சரிபண்ணிட்டு மறுபடி எழுதிக் குடுங்க. பொங்கல் லீவு முடிஞ்சு வந்து பாக்கறேன்."

பொங்கல் முடிந்து என்றால் லைன் வீடு இருக்காது. விமலா ஒரு வருஷம் பிடித்துக்கொண்டிருந்த பொறுமை அந்த ஒன்பது அங்குலத்தில் போய்விடும்போல இருந்தது. ரசாக்கிடம் ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் முத்தாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அம்மணி, நீங்க போறதுக்கு எத்தன நேரம் இருக்குது?"

"மதியத்துக்கு மேல வேற சைட்டு இருக்குங்க."

"அப்பப் போதும். நெழல்ல ஒக்காருங்க. நஃபீசா, இவங்களுக்கு மோரு குடு. ரசாக்கு, கடப்பாரை எங்க?"

ரசாக் கொண்டுவந்தான். ஆனால் அவனை இடிக்க விடவில்லை. முதல் அடியை நஃபீசாவே போட்டாள். பெண்கள் முறை வைத்து இடித்தார்கள். உடைந்த துண்டுகளை ஆண்கள் அள்ளினார்கள். செங்கோடன் நாற்காலியிலிருந்து இடது கையை ஆட்டி எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார், ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நந்திதா மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரத்தில் மேடையின் முகப்பு போய், உள்ளே இருந்த செம்மண் கல் வரிசை தெரிந்தது.

அவள் மறுபடி அளந்தாள். ஒரு முனையை விமலா பிடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு," என்றாள் நந்திதா. "ஒரு இஞ்ச் கூடவே இருக்கு." வண்டியின் பானெட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, தன் மேசையில் இதே மாதிரி இன்னும் இரண்டு மனுக்கள் கிடப்பதாகவும், அவர்களை விமலாவிடம் அனுப்பலாமா என்றும் கேட்டாள். விமலா அனுப்பச் சொன்னாள்.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. நான்காம் நாள் காலை ஒரே லாரியில் நாலு நடையாக ஒன்பது வீட்டுச் சாமான்களும் வந்து இறங்கின. கட்டில்கள், தையல் மெஷின், இட்லிக் கொப்பரைகள், ஒரு மீன் தொட்டி. முற்றத்தில் நடக்க இடமில்லை. ரசாக் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் போகவில்லை என்று ஒரு புகார், எதிர்வரிசையில் ஒரு ஜன்னல் மூடவில்லை என்று ஒரு புகார். விமலா ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ரசாக்கின் வீடு காலியாக இருந்தது. அவர்கள் சாமான் கடைசி நடையில்தான் வரும். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்க்கலாம் என்று விமலா வெறுந்தரையில் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

ஆரோக்கியதாஸ் தேடிக்கொண்டு வந்தபோது அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ரசாக்கும் மதன்குமாரும் பீரோவைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். எழுப்பட்டுமா என்று அவர் சைகையில் கேட்டார். ரசாக் வேண்டாம் என்று தலையசைத்தான். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு, பீரோ சுவரில் இடிக்காமல் மெதுவாக உள்ளே கொண்டுபோனார்கள்.